மேலிருந்து அழுத்தும் காற்று

விட்பி, யார்க்ஷயர்
9 ஜனவரி 1917

அக்காவுக்கு,

"அன்புள்ள" என்று போடலாமா வேண்டாமா என்று யோசித்ததில் தேநீர் ஆறிவிட்டது. போடாமலே தொடங்குகிறேன். என் கல்யாண விருந்தில், கேக்கை வெட்டக் கத்தியை எடுத்த நேரம் பார்த்து, விமானம் ஓட்டுகிறவர்களில் பத்துக்கு எத்தனை பேர் ஒரு வருஷம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று என் மாமியாருக்குக் கணக்குச் சொன்னாயே, அன்றோடு உனக்கு எழுதுவதை நிறுத்தினேன். நீயும் எழுதவில்லை. அப்பாவின் பிறந்தநாளுக்கு ஓர் அட்டை அனுப்பினாய். அதில் என் பெயரைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

இப்போதும் எனக்காக எழுதவில்லை. ஹ்யூவின் தோள் காயம் ஆறிவிட்டது. பிரான்ஸுக்குத் திருப்பி அனுப்பாமல் அவரை ஹாம்ப்ஷயருக்கு, நீ கணக்குப் போடுகிற அந்த விமானத் தொழிற்சாலைக்கே மாற்றியிருக்கிறார்கள். புதிதாகச் செய்கிற விமானங்களை முதன்முதலில் ஓட்டிப் பார்க்கும் வேலையாம்.

"இங்கிலாந்துலதான் இருக்கப்போறேன் பிலிஸ். சாயங்காலமானா சூடா சூப்பு, மெத்தைப் படுக்கை. யாரும் நம்மைப் பாத்துச் சுடமாட்டான். இன்னும் என்ன வேணும்?" என்றார். போதாததற்கு, "உங்க அக்கா போடற கணக்குலதான் என் இறக்கை நிக்குது. நீங்க ரெண்டு பேரும் சண்டையை இழுத்துக்கிட்டே போனா எனக்குத்தான் ஆபத்து" என்று கேலி வேறு. சண்டை போட்டது நாம், நடுவில் மாட்டியது அவர் என்கிற மாதிரி.

அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று ஒரு கண் வைத்துக்கொள். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவர் சும்மா இருந்தால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தால் பயந்துபோயிருக்கிறார். ரயிலேறும்போது ரொம்பச் சிரித்தார்.

அப்பா நலம். காது இன்னும் மந்தமாகிவிட்டது. உருளைக்கிழங்கு எங்கேயும் கிடைப்பதில்லை.

பிலிஸ்

*

ஹாம்ப்ஷயர்
13 ஜனவரி 1917

அன்புள்ள பிலிஸ்,

நான் "அன்புள்ள" என்று போட்டுவிட்டேன். எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அன்று விருந்தில் நான் சொன்ன எண் சரி. சொன்ன இடம்தான் சரியில்லை. இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள முடியுமென்றால் எடுத்துக்கொள். இதற்குமேல் எனக்குச் சொல்ல வராது என்பது உனக்கே தெரியும்.

உன் வீட்டுக்காரர் வந்து சேர்ந்துவிட்டார், இங்கே எல்லாரும் அவரை லாங்ஸ்டாஃப் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வந்த மறுநாளே எங்கள் கணக்கு அறைக்குள் தலையை நீட்டி, பெண்கள் எல்லாரும் பார்க்க, "அண்ணி, என் இறக்கை எந்த மேஜையில இருக்கு? கொஞ்சம் நல்லா அழுத்திப் போடுங்க" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. எங்கள் தலைவர் ஆம்ப்ளர்கூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கின்னியர் என்று இன்னொரு சோதனை ஓட்டியோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரர், அதிகம் பேசாத இளைஞர், குடும்பம் என்று யாரும் இல்லை. இருவரும் சேர்ந்து பொரித்த மீன் தின்றதைப் பார்த்தேன். ஆகவே சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

எங்கள் வேலையைப் பற்றி எழுதக்கூடாது. நீ பயப்படுகிறாய் என்பதால் எழுதுகிறேன், படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. புது இறக்கை தாங்குமா என்று பார்க்க அதைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சட்டத்தில் மாட்டுவோம். பறக்கும்போது காற்று இறக்கையை அடியிலிருந்து தூக்குகிறது. கவிழ்த்துப் போட்டு மணல் மூட்டை அடுக்கினால் அதே பாரம் அதே பக்கம் விழுந்த மாதிரி. முறிகிற வரைக்கும் அடுக்குவோம். மூட்டை தூக்குவது இப்போது பெண்கள்தான், திருமதி டக்வெல்லின் கூட்டம். முதலில் எந்த இடம் போகும் என்று ஆளாளுக்குக் கரும்பலகையில் எழுதிப் பந்தயம் கட்டுவது இங்கே வழக்கம். பந்தயத்துக்கு வைப்பது சர்க்கரைக் கட்டி.

ஹ்யூ ஓட்டப்போகும் புதிய சண்டை விமானத்துக்குச் சோதனைக்கென்றே கூடுதலாக ஒரு ஜோடி இறக்கை செய்திருக்கிறார்கள், அதில் வலப்பக்கத்து இறக்கையை நேற்று இப்படி முறித்தோம். கேட்டதற்கு மேலேயே தாங்கிவிட்டுத்தான் முறிந்தது. பந்தயத்தில் ஜெயித்தது உன் கணவர். சர்க்கரை முழுவதையும் அங்கேயே நின்று தின்றார்.

கவலைப்படாதே என்று நான் எழுதமாட்டேன், நீ எப்படியும் படுவாய். ஆனால் இறக்கை தாங்கியது.

எனிட்

*

விட்பி
20 ஜனவரி 1917

அன்புள்ள அக்கா,

பார், போட்டுவிட்டேன். உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. கேக்குக்காக நீ ஒருநாளும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்று நினைத்திருந்தேன், அந்த அரை மன்னிப்பை எப்படி எரிப்பது? தைலக் குப்பிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஹ்யூவிடமிருந்து நேற்று கடிதம் வந்தது. நாலு பக்கமும் வேடிக்கை. கின்னியரின் குறட்டையைப் பற்றி ஒரு பக்கம். உன் கண்ணாடியைப் பற்றி ஒரு பத்தி (உனக்குச் சொல்லமாட்டேன்). நாலாம் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, போகிற போக்கில் ஒரு வரி. பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் அந்தப் புது விமானத்தைத் தலைகுப்புறப் பாய்ச்சிப் பார்க்கப்போகிறாராம். பிரான்ஸில் எதிரி மேலேயிருந்து விழுந்து தாக்குகிறானாம், நம் ஆட்களும் அதே மாதிரி செங்குத்தாகப் பாய்ந்து தப்பிக்கவோ துரத்தவோ வேண்டுமாம். எவ்வளவு வேகம் வரைக்கும் பாயலாம் என்று யாராவது பாய்ந்து பார்த்துத்தானே சொல்லவேண்டும் என்று எழுதியிருக்கிறார். யாராவது என்றால் என்ன, அவர்தான்.

நாலு பக்கச் சிரிப்பு, அக்கா. நான் முதல் கடிதத்தில் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா?

மீன் வாங்கப் போன இடத்தில் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன். அப்பா ஏதாவது கேட்டால் இரண்டு தரம் கத்திப் பதில் சொல்லவேண்டும், இந்த வாரம் நாலு தரம் கத்துகிறேன், அவர் பாவம் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து அறையைவிட்டு வருவதில்லை.

நீ மணலையும் மூட்டையையும் எனக்கு விளக்கவேண்டாம். ஒரே கேள்வி. அந்தப் பாய்ச்சலில் இறக்கை தாங்குமா, தாங்காதா? உன் அட்டைகளைப் போல ஒரு சொல்லில் பதில் போதும்.

பிலிஸ்

*

ஹாம்ப்ஷயர்
24 ஜனவரி 1917

அன்புள்ள பிலிஸ்,

ஒரு சொல்லில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். "தாங்கும்" என்று எழுதி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

இதை உனக்கு எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆம்ப்ளரிடம் சொல்லியாயிற்று, அவர் கேட்கவில்லை. வேறு யாரிடம் சொல்வது? இங்கே இதைப் பேச எனக்கு யாருமில்லை.

லண்டன் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நீளமான மரக்கூண்டு ஒன்றில் விசிறி வைத்துக் காற்றை ஊதி, உள்ளே கையளவு மாதிரி இறக்கையைத் தொங்கவிட்டு அளப்பார்கள். அவர்கள் அனுப்பிய புது அளவுகளை வைத்துக்கொண்டு போன வாரம் முழுக்கக் கணக்குப் போட்டேன். விமானம் சாதாரணமாகப் பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்குகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மூக்கைச் செங்குத்தாகக் கீழே தொங்கவிட்டுப் பாயும்போது இறக்கையின் முன் விளிம்பைக் காற்று மேலிருந்து கீழே அழுத்துகிறது. கொஞ்சமாக இல்லை, பலமாக.

பறக்கும்போது இறக்கை மேலே மடங்காமல் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை நாங்கள் இரட்டையாகப் போட்டிருக்கிறோம். கீழே தொய்யாமல் பிடிக்கும் கம்பி ஒற்றைதான், அதுவும் மெல்லியது. விமானம் தரையில் நிற்கும்போது இறக்கையின் சொந்தப் பாரத்தைத் தாங்கினால் போதும் என்றுதான் அது. அந்தப் பக்கம் பாரம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. நாங்கள் முறித்த இறக்கை எல்லாமே கவிழ்த்துப் போட்டு முறித்தவை. நிமிர்த்தி வைத்து ஒன்றைக்கூட ஒருநாளும் முறித்துப் பார்த்ததில்லை.

ஆம்ப்ளர் என் தாள்களை இரண்டு தரம் பார்த்தார். "மிஸ் ரட், காத்து மேலருந்து அமுக்கும்னா அப்புறம் ஏரோப்ளேன் எப்படிம்மா பறக்குது?" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "போன வருஷம் உங்க பேச்சைக் கேட்டு ஒரு விமானத்தை ரெண்டு மாசம் நிறுத்தி வச்சேன். கடைசியில அதுல ஒண்ணுமே இல்ல. அந்த ரெண்டு மாசத்துல பிரான்ஸ்ல எத்தனை பேர் பழைய வண்டியில போய்ச் செத்தாங்களோ, உங்களுக்குத் தெரியுமா?" என்றார். அது உண்மை. போன வருஷம் நான் தப்பாகப் போட்டேன். அதனால்தான் இந்தத் தடவை என் கணக்கை என்னாலேயே நம்ப முடியவில்லை. மூன்று தரம் போட்டேன், மூன்று தரமும் அதே விடை. அதே தப்பையே மூன்று தரம் செய்திருக்கலாம்.

ஹ்யூவிடம் நான் சொல்லவில்லை. பாய்ச்சலுக்கு முன்னால் கணக்கு அறை ஆட்கள் சந்தேகம் பேசுவது ஓட்டிகளுக்குப் பிடிக்காது, அபசகுனம் மாதிரி. நான் சொன்னால் பழைய கேக்கு ஞாபகம்தான் வரும் அவருக்கு. அதோடு, பாதி நம்பிக்கையோடு மேலே போகிறவன் விமானத்தை ஓட்டும் பிடியை வெடுக்கென்று இழுப்பான், அதுவே இறக்கையை முறிக்கப் போதும். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் ஆம்ப்ளரை ஒப்புக்கொள்ள வைக்கிறேன்.

தயவுசெய்து நீ எதுவும் செய்யாதே.

எனிட்

*

விட்பி
27 ஜனவரி 1917, சனி

அக்கா,

நீ எதுவும் செய்யாதே என்று எழுதினாய். செய்துவிட்டேன். உன் கடிதம் காலைத் தபாலில் வந்தது, மதியத் தபாலில் அவருக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

நீ எப்படிப்பட்டவள் அக்கா? ஊர் அறியக் கல்யாண வீட்டில் வேண்டாததைச் சொல்ல உனக்கு வாய் இருந்தது. இப்போது அவர் தினமும் உன் ஜன்னலைத் தாண்டிப் போகிறார், உயிர் போகிற விஷயம், அதைச் சொல்ல மட்டும் வாய் இல்லை! அபசகுனமாம். பாதி நம்பிக்கையாம். நீ கணக்கில் தப்புப் பண்ணினால் ஆம்ப்ளர் முன்னால் உனக்குத் தலைகுனிவு, அவ்வளவுதானே? என் தலையில் என்ன விழும் என்று யோசித்தாயா?

நான் கெஞ்சித்தான் எழுதினேன். வெட்கத்தை விட்டு எழுதினேன். "போகாதீங்க. அக்காவுக்கே அந்த இறக்கை மேல நம்பிக்கையில்ல. உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க, தோள் வலிக்குதுன்னு சொல்லுங்க, என்ன வேணும்னாலும் சொல்லுங்க. உங்களைக் கோழைன்னு யாரும் சொல்லமாட்டாங்க, சொன்னா எங்கிட்ட அனுப்புங்க. இங்க ஒவ்வொரு தடவை கேட் சத்தம் கேக்கும்போதும் தந்திக்காரனோன்னு பயந்து கதவுக்கு ஓடறேன்" என்றெல்லாம் எழுதினேன். இதையெல்லாம் எழுதுகிற ஜென்மம் இல்லை நான். உனக்கே தெரியும்.

என்ன நடந்தாலும் உடனே எழுது.

பிலிஸ்

*

ஹாம்ப்ஷயர்
30 ஜனவரி 1917

அன்புள்ள பிலிஸ்,

திட்டியதெல்லாம் சரி. அதைப் பிறகு பேசலாம், இப்போது நேரமில்லை.

ஹ்யூ நேற்று என் மேஜைக்கு வந்தார். சிரித்த முகமாகத்தான் வந்தார். "அண்ணி, என்னைப் பத்தி உங்களுக்கு எப்பவுமே நல்ல அபிப்பிராயம் கிடையாதுன்னு தெரியும். அதுக்காக என் பொண்டாட்டியைப் பயமுறுத்தலாமா? எதுவா இருந்தாலும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே" என்றார். நான் கணக்கை எடுத்துக் காட்டினேன். தாளைப் பார்க்கவே இல்லை. "நான் போகலேன்னா கின்னியர் போகணும். என் சீட்டுல அவனை உக்காரவச்சுட்டு நான் தோள்வலின்னு படுத்துக்கவா? அது என்ன நியாயம்?" என்றார்.

நீயாக இருந்தால் அதற்கு என்ன சொல்லியிருப்பாய், பிலிஸ்?

பேச்சோடு நிற்கவில்லை. பெண்டாட்டிக்குப் பயந்து நாளைத் தள்ளுகிறான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று, பாய்ச்சலை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார். வியாழக்கிழமை பிற்பகல். நாளை மறுநாள்.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. அந்தச் சோதனை ஜோடியின் இடப்பக்கத்து இறக்கை முழுசாகக் கூடத்தில் கிடக்கிறது. அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. ஆனால் திருமதி டக்வெல்லின் இரண்டு மகன்களும் விமானப்படையில் இருக்கிறார்கள்.

எனிட்

*

ஹாம்ப்ஷயர்
2 பிப்ரவரி 1917, வெள்ளி

அன்புள்ள பிலிஸ்,

ஹ்யூ உயிரோடு இருக்கிறார். ஒரு கீறல் இல்லை. முதலில் இதைப் படித்துவிட்டு உட்கார். பிறகு மற்றதைப் படி. நேற்று தந்தி கொடுக்கக் கேட்டேன், விபத்து பற்றிப் பெயரோடு எந்தச் செய்தியும் வெளியே போகக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். ஆகவே தபால்தான்.

கின்னியர் இறந்துவிட்டார்.

நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். நேற்று மதிய உணவு நேரத்தில், ஆம்ப்ளர் வெளியே போனதும், நானும் திருமதி டக்வெல்லின் ஆட்களும் அந்த இடப்பக்கத்து இறக்கையை நிமிர்ந்த நிலையில் சட்டத்தில் மாட்டினோம். இரட்டைக் கம்பி, ஒற்றைக் கம்பி எல்லாம் விமானத்தில் இருக்கிற மாதிரியே. ஹ்யூ பார்க்காமல் இதைச் செய்து பயனில்லை. கூப்பிட்டால் வரமாட்டார். பந்தயம் என்றால் வராமல் இருக்கமாட்டார். என் பங்குச் சர்க்கரை முழுவதையும் வைத்து, "முன்பக்க ஒற்றைக் கம்பி, பாதிப் பாரத்துக்குள்" என்று பலகையில் எழுதிவிட்டு ஆள் அனுப்பினேன். பறப்பதற்கு உடுத்திய தோல் சட்டையோடு வந்தார்.

"பாதிக்குள்ளயா? சர்க்கரையைத் தானம் பண்றதுக்கு இப்படி ஒரு வழியா அண்ணி? இன்னும் அரைமணி நேரம் இருக்கு, சீக்கிரம் ஆகட்டும்" என்று தானே மூட்டையைத் தூக்கினார். முன் விளிம்பை ஒட்டி மட்டும் அடுக்கச் சொன்னேன். பெண்கள் தூக்கிக் கொடுக்க அவர் அடுக்கினார். வாய் ஓயவில்லை, ஒவ்வொருத்தியையும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்தார். நீ சொன்னது சரிதான், பிலிஸ். எனக்கு இப்போது அந்தச் சிரிப்பு தெரிகிறது.

அப்போது கூரைக்கு மேலே ஓர் என்ஜின் சத்தம் கேட்டது. யாரும் நிமிரவில்லை. இங்கே எப்போதும் ஏதாவது ஒன்று பறந்துகொண்டிருக்கும்.

பாதிகூட ஆகவில்லை. கம்பி அறுந்த சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி இருந்தது. இறக்கை மொத்தமாகக் கீழே மடிந்து மூட்டைகளெல்லாம் தரையில் சரிந்தன. திருமதி டக்வெல்லுக்கு நெற்றியில் கம்பி பட்டு ரத்தம். ஹ்யூ கையில் ஒரு மூட்டையைப் பிடித்தபடியே நின்றார். அதைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. "அண்ணி" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த ஒரு கணம் எனக்கு அத்தனை சந்தோஷம். என் கணக்கு சரி, அவர் போகமாட்டார், உனக்கு நல்ல பதில் எழுதலாம். இதெல்லாம் ஒன்றாக மனதில் வந்தது.

வெளியே யாரோ கத்தினார்கள். ஓடினோம். மேலே பறந்தது அந்தப் புது விமானம்தான். ஓட்டியது கின்னியர். மேகம் கவிந்து வருகிறது, லாங்ஸ்டாஃப்பைக் காணோம், காத்திருந்தால் வெளிச்சம் போய்விடும் என்று சொல்லி ஏறிக்கொண்டாராம். நாங்கள் வெளியே வந்தபோது அந்த விமானத்தின் இடப்பக்கத்து இறக்கை தனியாக, மெதுவாக, சுழன்று சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. மற்றது அதற்கு முன்பே தரைக்கு வந்துவிட்டது.

ஹ்யூ "என்னை உள்ள பிடிச்சு வச்சுட்டீங்க" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். அது கோபமா, வேறு எதுவா என்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் ஆம்ப்ளர் வந்து மடிந்து கிடந்த இறக்கையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு, "ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். சொன்னேனே என்று நான் சொல்லவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் நீயும் சொல்லியிருக்கமாட்டாய். கீழ்ப்பக்கக் கம்பிகளையும் இரட்டிப்பாக்க உத்தரவு போட்டிருக்கிறார்.

உனக்கு உன் கணவர் இருக்கிறார். அதை மட்டும் இப்போது நினைத்துக்கொள்.

எனிட்

*

விட்பி
3 பிப்ரவரி 1917, சனி

அக்கா,

பத்திரிகையில் நாலு வரி. தெற்கே ஒரு விமானத் தளத்தில் சோதனையின்போது அதிகாரி ஒருவர் மரணம். பெயர் இல்லை, ஊர் இல்லை. தந்தி வரவில்லை. வராதது நல்லதா? எழுத ஆள் இல்லாமல் தாமதமா? தபால் நிலையத்துக்கு இரண்டு தரம் போய்வந்துவிட்டேன். அந்த அம்மாள், "ஒண்ணும் வரலம்மா, வந்தா நானே எடுத்துக்கிட்டு ஓடிவர மாட்டேனா?" என்கிறாள். அவள் ஓடிவருகிறாளோ என்று வீடு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தேன்.

யாராக இருந்தாலும் அவராக இருக்கக்கூடாது. யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். அப்படித்தான் ஜெபம் பண்ணினேன், அந்தச் சொற்களாலேயே.

இந்தக் கடிதம் வருவதற்குள் நீ எழுதியிருப்பாய். எழுதியிருப்பாய்தானே?

பிலிஸ்

*

விட்பி
18 பிப்ரவரி 1917

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன், முதல் வரிக்காக. கின்னியருக்காக அழ மறுநாள் ஆயிற்று. மறைக்காமல் சொல்கிறேன்.

ஹ்யூ விடுப்பில் வந்து ஐந்து நாள் இருந்துவிட்டு இன்று காலை திரும்பிவிட்டார். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அப்பாவோடு உட்கார்ந்து சதுரங்கம் ஆடினார். அப்பாவுக்குக் காது கேட்காது, அவருக்குப் பேசப் பிடிக்கவில்லை, இருவருக்கும் பொருத்தமாக இருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து துறைமுகப் பக்கம் போய்விடுவார். உன் மேல்தான் கோபம் என்று நினைத்தேன். "அக்கா உங்களைக் காப்பாத்தினா. அவ மேல ஏன் கோபம்?" என்று நேற்று கேட்டே விட்டேன்.

"அவங்க மேல கோபமே இல்ல" என்றார். பிறகுதான் சொன்னார்.

என் கடிதம் கிடைத்த அன்று ஓட்டிகள் சாப்பிடும் கூடத்தில் அதை எடுத்து எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாராம், வேடிக்கைக்காக. என் குரலிலேயே பேசிக் காட்டினாராம். தோள்வலி என்று சொல்லச் சொன்னதற்கு ஒரு சிரிப்பு, கோழை என்று சொன்னால் எங்கிட்ட அனுப்புங்க என்றதற்கு ஒரு சிரிப்பு, தந்திக்காரனுக்கு ஒரு சிரிப்பு. மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்களாம். கின்னியரும் அங்கேதான் இருந்தார். கின்னியர் சிரித்தாரா இல்லையா என்று ஹ்யூவுக்கு ஞாபகமில்லை. இத்தனை நாளாக அதைத்தான் ஞாபகப்படுத்திப் பார்க்கிறாராம்.

மேகத்தால் இல்லை, அக்கா. வெளிச்சத்தால் இல்லை. அடக்கம் முடிந்தபின் விமானத்தைக் கிளப்பிவிட்ட மெக்கானிக் வந்து ஹ்யூவிடம் சொன்னாராம். "லாங்ஸ்டாஃப் சார் இப்ப வந்துருவார், ஒரு பத்து நிமிஷம் பொறுங்க" என்று அவர் தடுத்திருக்கிறார். அதற்குக் கின்னியர், "அவன் வர்றதுக்குள்ள போகணும். அவன் வீட்டுல ஒருத்தி கேட் சத்தத்துக்கெல்லாம் பயந்துக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்கு யாரு இருக்கா? நீ என்ஜினைச் சுத்து" என்றாராம்.

கேட் சத்தம். நான் எழுதிய சொல் அது.

ஹ்யூ சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். "நீ அந்தக் கடுதாசியை எழுதாம இருந்திருந்தா" என்று தொடங்கினார். நான் முடிக்க விடவில்லை. "நீங்க போயிருப்பீங்க" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருட்டுவதற்குள் திரும்பி வந்து, வைத்ததைச் சாப்பிட்டார். இன்று காலை ரயிலடியில் என் கையை வலிக்கிற அளவுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். மன்னித்துவிட்டாரா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

கின்னியரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. அவர் குறட்டை விடுவார் என்பது மட்டும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பிரார்த்தனை கேட்டேன். பக்கத்தில் இருந்தவள், "சொந்தமா?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அந்தக் கடிதத்தை நான் எழுதாமல் இருந்திருந்தால் என்று தினமும் நினைத்துப் பார்க்கிறேன், அக்கா. என் கடிதம்தான் ஒரு மனிதனைக் கொன்றது என்று தெரிந்தபிறகும், மறுபடி அந்தச் சனிக்கிழமை வந்தால், மதியத் தபாலுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு சொல் மாறாமல் அதையேதான் எழுதுவேன். ஹ்யூவிடம் இதைச் சொல்லமுடியாது. பாதிரியாரிடம் சொல்லமுடியாது. நீ மட்டும் தெரிந்துகொள்.

பிலிஸ்